விருப்பப் பாடம்

படிவத்தில் நான்கு கட்டம்.
ஒன்றில் மட்டும் டிக் அடிக்க வேண்டும்,
வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள்.
கடல்சார் சட்டம். காப்பீடு. சுற்றுச்சூழல்.
வணிகக் குறிகள், அதாவது டிரேட் மார்க்.

"காசிமேடுதானே, கடல்சார் எடும்மா"
என்றார் ஒப்பந்தச் சட்டம் நடத்துகிறவர்,
பிரியமாகத்தான்.
பாடத்திட்டத்தைப் புரட்டினேன்.
சரக்குக் கப்பல் இருக்கிறது,
அதன் வாடகை, அதன் மோதல்,
மூழ்கும்போது மீட்டவனுக்குக் கூலி.
தனகோட்டி அண்ணனின் ஃபைபர் போட்
எந்த அலகிலும் இல்லை.

இதுவரை படித்ததெல்லாம்
எங்கள் சந்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

தீங்கியல் முதல் வகுப்பு:
ஸ்காட்லாந்தில் ஒருத்தி சோடா குடித்தாள்,
பாட்டிலுக்குள் செத்த நத்தை.
வகுப்பே முகம் சுளித்தது.
நான் எங்கள் அடிபம்பை நினைத்துக்கொண்டேன்.
அதில் வருவதற்கு
நத்தை எவ்வளவோ தேவலை.

சொத்து மாற்றுச் சட்டம்
வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடி.
இருபது ரூபாய் பத்திரத்தில்
மூன்று முறை கைமாறிய வீடு.
விற்றவர் மூவரும் யோக்கியர்,
வாங்கியவர் மூவரும் யோக்கியர்,
ஒதுக்கீட்டு ஆணையில் பேர் உள்ளவர் மட்டும்
செத்துப் பதினோரு வருடம்.
தேர்வில் இதை உதாரணமாக எழுதினேன்.
ஓரத்தில் சிவப்பு மையில்
ஒரு கேள்விக்குறி போட்டுத் திரும்பி வந்தது.

குற்றவியலைத் தனியாகப் படிக்கவே வேண்டாம்.
முக்குச் சுவரில் உட்காரும் பையன்களுக்கு
எண்ணெல்லாம் மனப்பாடம்.
புதுச் சட்டம் வந்த வாரம்
அவர்களும் நானும் சேர்ந்துதான் திருத்திக்கொண்டோம்:
முன்னூற்றிரண்டு இனி நூற்று மூன்று,
முன்னூற்றேழு இனி நூற்றொன்பது.
"நம்பர்தான்க்கா மாறுது,
ஜீப்பு அதேதான்" என்றான் இம்மானுவேல்.

இருட்டினால் மஞ்சள் பையோடு வருகிறார்கள்.
எஃப்ஐஆர் நகல், வட்டிக்கடை நோட்டு,
ஜீவனாம்ச மனு,
கம்பெனி வேலையை விட்டு நிறுத்திய கடிதம்.
லூர்துராணி அக்கா ஒருத்திதான்
நியாயமாகப் பேசுகிறவள்:
"நீ எந்தப் பேப்பர் பாஸோ அதச் சொல்லு,
நான் அதுக்குத் தக்கன கேக்குறேன்."

காப்பீடு வேண்டாம்.
தனகோட்டி அண்ணனின் போட் இரண்டாகப் பிளந்து
தூண்டில் வளைவுக் கல்லில் கிடந்த மாதம்
கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம்.
அண்ணிக்குத் தமிழில் சொன்னது நான்தான்.
கடவுளின் செயல் என்று போட்டிருக்கிறது,
அதற்குப் பணம் கிடையாதாம்.
அவள் நெடுநேரம் யோசித்தாள்.
"எந்த சாமின்னு போட்டிருக்கானா?"

சுற்றுச்சூழலும் வேண்டாம்.
மணலிக் காற்று திரும்பும் இரவுகளில்
சன்னலைச் சாத்தினால்தான்
எதையுமே படிக்க முடிகிறது.

ஆகவே டிரேட் மார்க்.
எங்கள் சந்தில் ஒருவருக்கும் தேவைப்படாத சட்டம்.
எங்கோ இரண்டு பணக்காரர்கள்
ஒரேயொரு எழுத்துக்காக அடித்துக்கொள்வார்கள்.
நான் ஓரமாக உட்கார்ந்து
வேடிக்கை பார்த்தபடி படிப்பேன்.
சுயநலம்தான்.
டிக் அடித்தபோது மணி நாலு ஐம்பது.

பேசின் பிரிட்ஜுக்கு முன்னால்
சிக்னல் இல்லாமல் ரயில் நின்றது.
நாற்பத்தோராம் பக்கம் வரை வந்துவிட்டேன்.
தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.
இத்தனை நிம்மதியாக
சட்டம் படித்ததே இல்லை நான்.

வாசலில் லூர்துராணி அக்கா.
இன்று மஞ்சள் பை இல்லை,
இரண்டு கருவாட்டுப் பொட்டலம்.
ஒன்று அவள் போடுவது, லூர்து மார்க்.
மற்றது யாரோ போட்டது, லூர்தா மார்க்.
அதே மாதா, அதே நீலம்,
அதே வஞ்சிரம் என்று சொல்லிக்கொள்ளும் ஏதோ மீன்.

"இது எந்தப் பேப்பர்ல வரும்?" என்றாள்.

ஒரு கால் செருப்பைக் கழற்றியபடி நின்றேன்.
"அடுத்த செமஸ்டர்க்கா."

"சரி" என்று
படியில் நகர்ந்து இடம் விட்டாள்.