நான்கு விரற்கடை

சுங்கை நிபாவில் ஆண்டுக்கூட்டம்.
கோயில் மண்டபம், எழுபத்தொன்பது தலை,
இரண்டு காற்றாடி. ஒன்று சுற்றாது.

சங்கத்துப் பொருளாளர் நான்.
தீர்மானத்தை வாசித்தேன்:
ஆற்றோரச் செம்பனை இரண்டு வரிசை,
அறுபத்து நான்கு மரம், வெட்டிவிடுவது.
இவ்வாண்டு ஈவுத்தொகையில் பாதியை அதற்கே போடுவது.
அந்த மண்ணில் எதையும் நடாமல்
கோரையும் மூங்கிலும் தாமே வரட்டும் என்று
சும்மா விடுவது.

"சும்மா விடவா எங்கள் காசு?"
தமயந்தி எழுந்தாள். நியாயமான கேள்வி.
ஜூனில் மகனுக்குக் கல்லூரி.
மரத்துக்கு மாதம் இத்தனை குலை,
குலைக்கு இத்தனை வெள்ளி என்று
விரல் மடக்கியே கூட்டிவிட்டாள்.
என் கால்குலேட்டர் பின்தங்கியது.

இருதயராஜ் லோரிக்காரன், பேச வராது.
கைப்பேசியை மட்டும் உயர்த்திக் காட்டினான்:
போன டிசம்பர், அவன் வீட்டுக் கூடம்,
மல்லாந்து மிதக்கிற குளிர்பெட்டி,
அதன்மேல் ஒரு கோழி.
சிரித்தோம்.
அவரவர் குளிர்பெட்டி ஞாபகம் வரும்வரை.

அடுத்தது, கூகைக்கு மரக்கூண்டு ஆறு.
"எலிமருந்துக்கு வருடா வருடம் அழுகிறோமே,
கூகை சம்பளம் கேட்காது" என்றேன்.
"வீட்டுக்கு எதிரே அலறினால்
சாவது யார், நீயா?"
பின்வரிசைக் குரல்.
அபசகுனத்துக்குக் கழிவு இரண்டு போக
கூண்டு நான்கானது.

நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு.
தமயந்தி என்னோடு பேசி
எட்டு மாதமாகிறது.

ஈப்போவிலிருந்து வந்த தணிக்கையாளர்
சிவப்புப் பேனாவால் சுழித்தார்.
"செலவு இருக்கிறது. சொத்து எங்கே?"
கூட்டிப்போய்க் காட்டினேன்:
முழங்காலளவு கோரை, சேறு, ஓர் உடும்பு.
காலணியைப் புல்லில் துடைத்துக்கொண்டே
"ரசீது?" என்றார்.

மறுபடி டிசம்பர். மூன்று நாள் மழை.
ஆறு உள்ளே வந்தது, வராமல் இல்லை.
இருதயராஜ் சுவரில்
போன வருடத்துச் சேற்றுக்கோடு.
அதற்குக் கீழே பென்சிலால் புதுக்கோடு.
இடையில் விரலை வைத்துப் பார்த்தேன்.
மழையே இம்முறை குறைவோ, தெரியாது.

பேரேட்டின் வரவுப் பக்கத்தில்
நான்கு விரற்கடை என்று எழுதினேன்.
வெள்ளிக் கட்டம், சென் கட்டம்
இரண்டும் காலி.

டார்ச் அடித்தால் தெரிகிற தூரத்தில்
தமயந்தி வாசல்.
முட்டிவரை சேலையைத் தூக்கிக்கொண்டு
படியில் நிற்கிறாள்,
தண்ணீரைப் பார்த்து
விரலை மடக்குகிறாள், நீட்டுகிறாள்,
மறுபடி மடக்குகிறாள்.
மழை இன்னும் விடவில்லை.