நூலளவு

சஸ்காட்செவன், பிப்ரவரி, மைனஸ் முப்பத்தொன்று.
கராஜில் இறக்கை பூட்டாத விமானம்,
வயிற்றிலிருந்து வெள்ளை வெள்ளையாய் வயர்.

லோர்ன் ஈயக்காரன்.
ஊமை ரேடியோக்களைப் பேசவைத்த கை.
அவன் வைக்கும் பற்று
பாதரசத் துளிபோல் உட்கார்ந்திருக்கும்.
நான் அறுவடை எந்திரம் பழுது பார்ப்பவள்.
சூடெல்லாம் எதற்கு,
முனையில் செருகி நசுக்கினால் போதும் என்றேன்.

பணம் பாதிப் பாதி.
பெட்ரோல் பம்புக்குப் போவது ஒரே வயர்.

மூன்று நாள் பேச்சில்லை.
நான்காம் நாள் என் டிராக்டர் என்ஜினில்
அவனுடையது ஒன்று, என்னுடையது ஒன்று
கட்டி, ராத்திரி முழுக்க ஓடவிட்டோம்.

காலையில் அவனுடையது அறுந்து தொங்கியது.
பற்றுக்கு ஒன்றுமில்லை, மினுங்கிக்கொண்டிருந்தது.
இழைகளுக்குள் ஏறிய ஈயம் எங்கே நின்றதோ,
விறைப்பு தீர்ந்து வயர் மறுபடி வயராகும்
அந்த நூலளவில் முறிவு.

லோர்ன் அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தான்,
கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தான்.
நான் சிரிக்கவில்லை.
என்னுடையதைச் சும்மா இழுத்தேன்.
பால்பல் மாதிரி
கையோடு வந்துவிட்டது.

எட்டு டாலர் குறடு.

இப்போது இருப்பது வேறு குறடு,
விலையை என் புருஷனிடம் சொல்லவில்லை.
முழுக்க அழுத்தும்வரை வாய் திறக்காது.
லோர்ன் அழுத்துகிறான்.
ஒவ்வொன்றையும் நான் இழுத்துப் பார்க்கிறேன்,
பிறகு, ஆடாமல் இருக்க, பக்கத்துக் குழாயோடு கட்டுகிறேன்.

ஜூனில் முதல் பறப்பு.
ஒருவர்தான் ஏறலாம்.
அதை எந்த என்ஜினில் கட்டிப் பார்ப்பது?