ஐம்பத்தொரு மில்லிமீற்றர்

றிலுவானின் கடையில் இரண்டு பெட்டிகள்.
ஒன்றில் மினுங்கும் புதுப் பிறேக்.
மற்றதில் யாரோ கழற்றிப்போட்ட சோடி,
சாம்பல் நிறம், ஒரு ஸ்பிறிங்கில் துரு.
"புதுசை எடுங்கோ மிஸ், வடிவா இருக்கு."
நான் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தேன்.

வடிவு எட்டாது, றிலுவான்.
போல்ட் நுழையும் துளையிலிருந்து
றிம்மின் நடு மட்டும் என் சைக்கிளில் ஐம்பத்தொன்று.
புதுசின் கை நாற்பத்தொன்பதோடு நின்றுவிடும்,
மிச்சத்துக்கு ரயரைக் கடிக்கும்.
பழசு ஐம்பத்தேழு வரைக்கும் இறங்கும்.
நான் பேரம் பேசவில்லை. அவனாகவே குறைத்தான்,
துருவுக்காக நூறு ரூபா.

ஜப்பானில் யாரோ ஓடி அலுத்து
கொண்டெய்னரில் வந்த றேசர் அது.
வந்தபோது இரும்புச் சில்லு, குரோம் பூசியது.
போன கார்த்திகை மழையில்
உவர்மலை இறக்கத்தில் பிறேக்கைப் பிடித்தேன்.
ஒரு சுற்று,
இரண்டு சுற்று,
நனைந்த குரோமில் கட்டை வழுக்கிக்கொண்டே போக
செருப்பைத் தேய்த்துத்தான் நின்றேன்
யாருடையவோ மதிலுக்கு முன்னால்.
அடுத்த சம்பளத்தில் அலுமினியச் சில்லு.
பழையதைவிட, நடுவிலிருந்து விளிம்புக்கு
நாலு மில்லிமீற்றர் குறைவு.
அந்த நாலுக்குத்தான் இவ்வளவு அலைச்சல்.

ஞாயிறு இரவு, மின்விசிறிக்குக் கீழே பேப்பர் விரித்து
கேபிளை உருவினேன்.
உறைக்குள் ஒரு விரல் நீளத்துக்கு உப்புப் பூத்திருந்தது.
கடலுக்குப் போகாதவளின் கேபிளுக்குள்ளும்
கடல் வந்து போயிருக்கிறது.
புது வயர். உறைக்குள் இரண்டு சொட்டு ஒயில்.
விரலைத் துடைத்துவிட்டுத்தான் றிம்மைத் தொட்டேன்.
அதற்கு ஸ்பிரிற் போதும், பழைய பனியன் துண்டும்.

பழைய கட்டைகளும் நல்ல கட்டைகள்தான்,
எறிய மனம் வரவில்லை.
தையல் ஊசியால் கிண்டினேன்:
உப்புவெளி மணல், அலுமினியப் பொடி,
என்னவென்று தெரியாத பச்சையாய் ஒன்று.
பகலில் ஆஸ்பத்திரியில் இரத்த அணுக்கள் எண்ணுகிறவள்,
இதையும் எண்ணத் தொடங்கி
நாற்பதில் விட்டுவிட்டேன்.

கடைசியாக அந்தக் கீச்சு.
கட்டையின் முன்நுனி முதலில் தொடவேண்டும்,
பின்நுனி கொஞ்சம் பிந்தவேண்டும்.
நிலாவெளி பஸ் ரிக்கற்றை இரண்டாக மடித்து
வால்பக்கம் செருகி, பிடியை அழுத்தி, இறுக்கி,
ரிக்கற்றை உருவினேன்.
முன்னுக்கும் பின்னுக்கும் அப்படியே.
சில்லைச் சுற்றிப் பிடித்தேன். சத்தமே இல்லை.
யாரும் பார்க்கவில்லை என்பது கொஞ்சம் கவலை.

திங்கள், ஐந்தரை, இருட்டு விலகாத இறக்கம்.
வளைவில் மான்.
நடு றோட்டில், வாயில் ஒரு சொப்பிங் பையோடு.
ஒவ்வொரு நாளும் என் கீச்சைக் கேட்டு
ஒதுங்கிப் பழகிய மான்கள் இவை;
இன்றைக்கு நான் வந்தது அதற்குத் தெரியாது.
பிடித்தேன்.
சில்லு நின்றது. நானும் நின்றேன்.
ஒரு முழம் இருந்திருக்கும்.
அது பையை மென்றபடி என்னைப் பார்த்தது.
என் முழங்கால்தான் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

பின்னேரம் படலையில் பெனடிற்றா அக்கா:
"காலமை டியூட்டி இல்லையோ?
உம்மட சத்தம் கேட்டுத்தான் நான் கேத்தில் வைக்கிறது.
இவருக்குத் தேத்தண்ணியும் இல்லை, ஆறு மணி பஸ்ஸும் இல்லை."

பெல் இருநூற்றைம்பது என்றான் றிலுவான்.
பெல் அடிக்க எனக்கு ஞாபகம் வராது.

முன்பிறேக்கைத் தொடவில்லை, நிற்பது அதில்தான்.
பின்கட்டையைத் தளர்த்தி
ரிக்கற் இல்லாமல் தட்டையாக இறுக்கினேன்.
சரியாகச் செய்ததைப் பிழையாகச் செய்ய
கூட நேரம் எடுத்தது.

செவ்வாய், ஐந்தரை. வளைவுக்கு முன்னால்
பின்பிடியை மெல்ல அழுத்தினேன்.
கீச்ச்ச்.
கீழே இருட்டுக்குள் குளம்புகள் நகர்ந்தன.
மேலே ஒரு குசினியில் லைற் எரிந்தது.