நாற்பத்தொன்றாம் சிலைடு

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு அந்தப் பக்கம்,
தண்ணி லாரி நிற்கும் சந்தில்
தேசம்மாவின் ஜெர்சி
காப்பி நிறத்தில் மூத்திரம் பெய்து
மூன்றாம் நாள் படுத்தது. எழவில்லை.

அதே கொட்டகையில், இன்னது என்று
பேர் சொல்ல முடியாத குட்டை மாடு
போஸ்டர் பசையை நக்கிக்கொண்டிருந்தது.
மடியில் உண்ணி. காதுக்குள் உண்ணி.
அதன் காது நரம்பிலும் ஒரு துளி எடுத்தேன்,
கணக்குக்காக.

மாதவரத்தில் சாயம் காய்ந்தது.
ஜெர்சியின் ரத்தம் காலை எட்டு மணி
கும்மிடிப்பூண்டி ரயில்:
அணுவுக்கு அணு தொற்றிக்கொண்டு
பேரிக்காய் வடிவ ஜோடிகள்.

மற்றதில் தேடினேன், தேடிக்கொண்டே இருந்தேன்.
டீ ஆறி ஏடு கட்டியது.
பிறகு ஒரு ஜோடி.
வெகுநேரம் கழித்து இன்னொன்று,
வாடகை பாக்கி வைக்காத குடித்தனம்போல
சத்தமே இல்லாமல்.

கதவைச் சாத்தவில்லை இந்த ரத்தம்.
பெருகத்தான் விடவில்லை.
எப்படி என்று எனக்குத் தெரியாது;
எழுத்துக்கு எழுத்து பிரித்துப் படிக்க
நிதி வரவேண்டும்.

போன் போட்டு, அதை விற்காதீங்க என்றேன்.

"தாங்குதுன்னா சந்தோசம் மேடம்.
வேளைக்கு ஒண்ணர லிட்டரு.
டீக்கடைக்கு நான் இன்னாத்த ஊத்துவேன்?
நேத்தே தள்ளிட்டேன்.
கடன் வாங்கி இன்னொரு ஜெர்சி புடிச்சிருக்கேன்,
அதுக்கு ஊசி எப்பப் போடுவீங்க?"

வியாழக்கிழமை, என்றேன்.

படிவத்தில் இனம் என்ற கட்டத்தில்
'நாட்டு' என்று எழுதி, அடித்து,
குழாயை உறையவைத்தேன்.
செருப்பு வாரில் ஒரு உண்ணி,
காலி வயிற்றோடு.