சிவப்புக் கோடு

ஏழரைக்கு ஒரு கோடு.
முந்திய அதிபர் அடிமட்டம் வைத்துத்தான் இழுப்பார்.
குச்சவெளி பஸ் இறக்கக்கண்டிப் பாலத்தில் நின்றதென்றால்
கோட்டுக்குக் கீழேதான் என் கையெழுத்து.

நானும் விட்டேனா?
ஒன்றரைக்கு மணி,
ஒன்று முப்பத்தொன்றுக்கு நான் தெருவில்.
பாதிக் கணக்கு கரும்பலகையில் கிடக்கும்,
சமன் குறிக்கு அப்பால் ஒன்றுமில்லாமல்.

புவிராணி மிஸ் பொறுப்பெடுத்த மாதம்
மாரி. மூன்று நாள் பிந்தினேன்.
நாலாம் நாள் பதிவேட்டைத் திறக்கிறேன்,
கோட்டைக் காணவில்லை.
"பாலத்தில தண்ணியோ?" என்றா.
மேசையில் பிளேன்டீ,
சோசரால் மூடி.

இதில் என்ன இருக்கிறது என்பீர்கள்.
அதைத்தான் நானும் யோசிக்கிறேன்,
நாலு மணிக்கு,
பின்னத்தில் இன்னும் தலைகீழாய் நிற்கும்
ஒன்பதாம் தரத்து ஆறு பேரோடு.
பக்கத்து வகுப்பில் நஸ்லியா டீச்சர்
எழுத்துக் கூட்டத் தெரியாத இரண்டு பேருக்கு
மீன் பெயர்களாய் எழுதிப் போடுகிறா:
சூடை, சாளை, கும்பிளா.

வலயத்திலிருந்து ஒரு படிவம்:
மேலதிக வகுப்பு, பணித்தவர் பெயர்.
அந்தக் கட்டத்தை
வெறுமையாய் விட்டு அனுப்பினேன்.

திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்,
நிரப்பச் சொல்லி.
கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு.