விரிசலின் வரிசை

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான்
காகிதங்களை விரிக்க வேண்டும்.
மே மாதம், சூளைமேடு, மூன்றாவது மாடி.
நெற்றி வியர்வை படத்தில் சொட்டாதிருக்கத்
துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன்.
"யாருக்குப் பட்டாபிஷேகம்?" என்கிறாள் கோமளா
கதவைத் திறக்காமலேயே.
திறந்தால் காற்று வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அலுவலகத்தில் யார் புதுச் செருப்பு வாங்கினாலும்
பெட்டிக்குள் கிடக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம்
என் மேசைக்கு வந்துவிடும்.
ஐப்பசியைத் தாண்ட அதுதான் துணை.

அட்டை எண் 17.
அமிலம் அரித்த செப்புத்தகட்டு அச்சு.
கோட்டை, அலை, மசூலாப் படகு ஒன்று.
தகடு அழுந்திய தடம் நாற்புறமும் தெளிவு.
கீழ் ஓரத்தை யாரோ கத்தரித்திருக்கிறார்கள்,
கீறியவர் பெயரும் அதோடு போயிற்று.
பழுப்புப் புள்ளிகள் வானத்தில் பதினொன்று.
(ஒன்றைப் பறவை என்றே
இரண்டு வருடம் நம்பியிருந்தேன்.)
படகோட்டிக்கு மூன்றே கோடுகள்.
மூன்றாவது கோடு முதுகு. அது வலிக்கிறது.
இதை அட்டையில் எழுத இடமில்லை.

குறிப்பு: இடம் வலம் மாறியிருக்கிறது.
தகட்டில் திருப்பிக் கீற மறந்துவிட்டார்.
ஆகவே இந்தச் சென்னப்பட்டணத்தில்
வடக்கு நோக்கி நடந்தால் கடல் இடக்கைப் பக்கம்.
ஒருமுறை ஆட்டோவில் மெரினா வழியே போகையில்
ஓட்டுநரின் கண்ணாடியில் அதே தப்பான கடல்
என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.
விவேகானந்தர் இல்லத்தில் இறங்கவேண்டியவன்
மீட்டர் ஓடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அட்டை எண்கள் 22, 23, 24.
மரக்கட்டை அச்சு. மூன்றிலும் ஒரே பெண்.
சாய்ந்த கொண்டை, மூக்குத்தி, கையில் கிளி,
வலது காலில் ஆறு விரல்;
செதுக்கியவன் எண்ணிப் பார்க்கவில்லை.
காலணாப் பாட்டுப் புத்தகத்தில் அவள் மகாராணி,
ஒரு கொலைச்சிந்தில் கள்ளன் பெண்டாட்டி,
இன்னொன்றில் பல்பொடி விற்கிறாள்.
எதிலும் வருடம் போடவில்லை.
ஆனால் கட்டையில் விரிசல் ஓடியிருக்கிறது:
மகாராணிக்கு வகிடு மட்டும்,
பல்பொடிக்காரிக்குப் புருவம்வரை,
கள்ளன் பெண்டாட்டிக்குக்
கன்னத்தைப் பிளந்து கழுத்துக்கு.
அப்படித்தான் வரிசைப்படுத்தினேன்.
ராணியாய் இருந்து, பல்பொடி விற்று,
கடைசியில் கள்ளனுக்கு வாழ்க்கைப்பட்டாள்.

வியாழக்கிழமை மண்ணடியிலிருந்து நெய்னார் முகமதுவின் போன்:
"உங்க கிளிப் பொண்ணு வந்திருக்கு சார்,
மூஞ்சிதான் கொஞ்சம் வேற மாதிரி."

வேறு மாதிரிதான்.
அதே கொண்டை, அதே ஆறு விரல்,
முகம் மட்டும் புதியது.
பிளந்த பகுதியைச் சதுரமாய் வெட்டி எடுத்து
வேறு மரத்துண்டை அடித்துப் பொருத்தி
வேறு கை செதுக்கியிருக்கிறது.
பூதக்கண்ணாடியில் பார்த்தால்
தாடையைச் சுற்றி மயிரிழைபோல் ஒரு வெள்ளைக் கட்டம்,
ஜன்னல் சட்டம் மாதிரி.

அட்டை எண் 25.
'அதே பெண்' என்று எழுதினேன். அடித்தேன்.
'அதே கட்டை' என்று எழுதினேன்.
அதுவும் முழு உண்மையில்லை.
'அதே கால்' என்று எழுதியபோது
கோமளா காபியோடு உள்ளே வந்தாள்.
டம்ளரை ஜன்னல் மேடையில் தள்ளி வைத்தாள்,
இருபது வருடப் பழக்கம்.
நான்கையும் குனிந்து பார்த்தாள்.

"முன்னாடி இவ கிளியைப் பாத்தா, கிளி இவளைப் பாத்தது.
இப்ப இவ நேரா நம்மளைப் பாக்கறா.
கிளி மட்டும் இன்னும் பழைய மூஞ்சியையே பாத்துக்கிட்டிருக்கு."

நான் பார்க்கவில்லை அதை.
அளவு பார்த்தேன், ஓரம் பார்த்தேன்,
பூச்சித்துளை எண்ணினேன், கிளியைப் பார்க்கவில்லை.
குறிப்பில் அவள் சொன்னதை அப்படியே எழுதி
கீழே அவள் பெயரைப் போட்டேன்.

பழுது: மேல் மூலையில் மடிப்பு, சிறிது எண்ணெய்க்கறை.
விலை: எண்ணூறு.
நெய்னாருக்கு இருநூறு பாக்கி.