லிஃப்ட் பழுது

செம்பூரில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்
ஆடி மழையில் நின்றது.
"ரெண்டே நாள்" என்றார் செக்ரட்டரி பாட்டீல்.
எனக்கு ஏழாவது மாடி.

முதல் வாரம்
மூன்றாவது மாடி குல்கர்னி வீட்டுச்
செருப்பு அலமாரிமேல் உட்கார்ந்து
உட்கார்ந்து போனேன்.
அவர்கள் நாய்கூடக் குரைத்துக் குரைத்து
அலுத்து விட்டுவிட்டது.

நூற்றிருபத்தாறு படி.
எண்ணி எண்ணி ஏறியவள்
எண்ணாமல் ஏறத் தொடங்கியது
என்றைக்கென்று தெரியவில்லை.

ஆறாவது திருப்பத்துச் சன்னலில்
ஹார்பர் லைன் ரயில் தெரிகிறது.
பதினோரு வருஷமாய் இங்கே குடியிருக்கிறேன்,
இப்போதுதான் பார்க்கிறேன்.

நவராத்திரிக்குள்
பாதியில் கழன்றுகொள்ளும் மூச்சு
ஐந்தாவது மாடிவரை கூட வந்தது.
தீபாவளிக்குப்
பழைய ரவிக்கையின் கடைசிக் கொக்கி
சண்டை போடாமல் மாட்டிக்கொண்டது.
டாக்டர் ஃபெர்னாண்டஸ்
சர்க்கரை ரிப்போர்ட்டை
இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.
"புதுசா என்ன மருந்து?"
"பாட்டீல்" என்றேன்.

தூக்கம் இப்போதெல்லாம்
கூப்பிடாமலே வந்து பக்கத்தில் படுக்கிறது.
முழங்கால் மட்டும்
மழை நாளில் ஏதோ முணுமுணுக்கும்.
முணுமுணுக்கட்டும்.

நேற்று லிஃப்ட் வந்துவிட்டது.
புதுக் கண்ணாடி, சாமந்தி மாலை,
வாசலில் சிதறிய தேங்காய்.
கதவைப் பிடித்தபடி பாட்டீல்:
"ஆவோ ஆன்ட்டி, ஆவோ!"

காய்கறிப் பையை உள்ளே வைத்தேன்.
வெண்டைக்காய், ஒரு பூசணிக் கீற்று,
இரண்டு கிலோ வெங்காயம்.
ஏழாம் எண்ணை அழுத்திவிட்டுப்
படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன்.

பை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.
அதற்கென்ன,
சர்க்கரையா இருக்கிறது?